டைமிங் பெல்ட் மாற்றப் போகும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நம் ஊர் பகாவில் நாங்கள் இருவரும் நலம். வரும் விடுமுறையில் உன் வீட்டுப் போர்ச்சிலேயே உன் புரோட்டான் வீரா காரின் டைமிங் பெல்ட்டை மாற்றப் போவதாக நீ சொன்னதிலிருந்து அம்மாவுக்கு ஒரே கவலை. எனக்கு அந்தக் கவலை இல்லை. நான் மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் போட்டிருக்கும்போதெல்லாம், கேட்பதற்கு முன்பே சரியான ஸ்பானரை எடுத்து நீட்டியவள் நீ. ஆனால் தொலைபேசியில் சொன்னால் பாதி மறந்துபோகும். எழுதி வைத்தால் வேலை செய்யும்போது பக்கத்தில் விரித்து வைத்துக்கொள்ளலாம்.

இப்போதே மாற்ற வேண்டும் என்று நீ முடிவெடுத்தது சரி. பழைய வண்டிகளுக்குப் பொதுவாக 80,000 முதல் 100,000 கிலோமீட்டருக்குள் பெல்ட்டை மாற்றிவிடுவது பட்டறைக்காரர்களின் வழக்கம்; கையேட்டில் வேறு கணக்கு இருந்தால் அதுவே செல்லும். நீ வாங்கிய வண்டிக்கு முந்தைய உடைமையாளர் எப்போது மாற்றினார் என்பதற்கு ரசீது இல்லை, ரசீது இல்லாததை மாற்றாதது என்றே கொள்ள வேண்டும். ஓட்டம் குறைவாக இருந்தாலும் என்ஜின் சூட்டில் ரப்பர் ஆண்டுக்கணக்கில் இறுகி விரிசல் விட்டுவிடும். ஆலையில் நான் பார்த்த கன்வேயர் சங்கிலிகள் அறுவதற்குப் பல நாள் முன்பே சத்தம் போட்டு நம்மைக் கூப்பிடும். இந்தப் பெல்ட்டோ பெரும்பாலும் எந்தச் சத்தமும் காட்டாமல் அறுந்துவிடும். யோங் பெங்கில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி லாபிஸ், சிகாமட், கெமாஸ் வழியாக இரவில் வீட்டுக்கு வருகிறவள் நீ. இரண்டு பக்கமும் செம்பனை மட்டுமே நிற்கும் அந்தச் சாலையில் அது அறுந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அறுந்தால் வண்டி நிற்பதோடு போகாது. பிஸ்டன்களோடு சேர்ந்து சுற்றும் தண்டான கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால், வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம் ஒரு சுற்று சுற்ற வேண்டும்; அந்தக் கணக்கைப் பிசகாமல் காப்பது பெல்ட்டின் பற்கள்தான். பெல்ட் போனதும் கேம் நின்றுவிடும், திறந்திருந்த வால்வு திறந்தபடியே நிற்கும், ஆனால் பிஸ்டன் வேகத்தில் மேலே ஏறிக்கொண்டே இருக்கும். சில என்ஜின்களில் இரண்டுக்கும் நடுவே இடைவெளி இருக்கும், வேறு சிலவற்றில் பிஸ்டன் வால்வின் மீது மோதி அதை வளைத்துவிடும். உன் வண்டியில் இருப்பது மிட்சுபிஷியின் 4ஜி15 என்ஜின். அதை மோதும் வகையாகவே பாவித்து வேலை செய். பெல்ட்டுக்குச் செலவாகும் பணம் எங்கே, சிலிண்டர் ஹெட்டை இறக்கி வால்வு மாற்றும் செலவு எங்கே!

சாமான் வாங்கும்போது பெல்ட்டை மட்டும் வாங்காதே. பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் பேரிங், எண்ணெய் கசியாமல் தடுக்கும் கேம் சீல், கிராங்க் சீல், வாட்டர் பம்ப் எல்லாவற்றையும் சேர்த்து வாங்கு. இவற்றில் எது பின்னால் கெட்டாலும் இதே மூடியை மறுபடியும் கழற்ற வேண்டியிருக்கும். சீல் கசிந்தால் புதுப் பெல்ட்டும் எண்ணெயில் ஊறிக் கெடும். கேட்ஸ், பாண்டோ போன்ற பெல்ட் கம்பெனிகளின் பெயர்களில் போலிச் சரக்கும் சந்தையில் உண்டு என்பதால், விலை குறைவென்று தெரியாத கடையில் வாங்காதே.

என்ஜின் முழுவதும் ஆறியிருக்கும் காலை நேரத்தில் தொடங்கு. மதியத்துக்கு மேல் வரும் மழைச்சாரல் போர்ச்சுக்குள்ளும் அடிக்கும். பேட்டரி வயரைக் கழற்றிவிடு. சக்கரத்தைக் கழற்றியபின் வண்டியை ஜேக்கில் மட்டும் நிறுத்தாதே, செங்கல்லிலும் நிறுத்தாதே, ஜேக் ஸ்டாண்டில் நிறுத்து. என்ஜின் மவுண்டிங்கைக் கழற்றும் முன் என்ஜினின் அடியிலிருக்கும் எண்ணெய்த் தொட்டியான ஆயில் சம்புக்கு அடியில் ஒரு பலகையை வைத்து, அதன் மேல் ஜேக்கைக் கொடுத்து மெல்லத் தாங்கு. பலகை இல்லாவிட்டால் சம்பின் தகடு நசுங்கும். ஆல்டர்னேட்டர், ஏர்கண்ட், பவர் ஸ்டியரிங் பெல்ட்டுகளைக் கழற்றுவதெல்லாம் உனக்குத் தெரிந்ததே.

கிராங்க் முனையிலுள்ள வெளிச்சக்கரமான புல்லியின் நடு போல்ட்தான் பலரை மதியம் வரை உட்கார வைப்பது. கியரை ஐந்தில் போட்டு, உன் தோழியை பிரேக்கை அழுத்தி மிதிக்கச் சொல்லிவிட்டு, நீண்ட கைப்பிடியால் திருப்பு. கைப்பிடியைத் தரையில் முட்டுக்கொடுத்து ஸ்டார்ட்டரைத் தட்டிக் கழற்றுகிற போமென்களும், அதாவது பட்டறை மெக்கானிக்குகளும், இருக்கிறார்கள். வேகமான வழிதான், ஆனால் கைப்பிடி நழுவினால் அது யார் முகத்தில் போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. நீ அதைச் செய்யாதே.

இனி நான் எழுத உட்கார்ந்ததற்கான விஷயம், குறிகள். பழைய பெல்ட்டைத் தொடுவதற்கு முன், ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, கிராங்க்கை அது இயல்பாகச் சுற்றும் திசையில் மட்டும் கையால் சுற்றி, முதல் சிலிண்டரின் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டு வா. அப்போது கேம் பல்சக்கரத்தின் குறி சிலிண்டர் ஹெட்டிலுள்ள குறிக்கு நேராகவும், கிராங்க் பல்சக்கரத்தின் குறி என்ஜின் உடலிலுள்ள குறிக்கு நேராகவும் வர வேண்டும். கிராங்க் நேராக இருந்து கேம் எதிர்ப்பக்கம் நின்றால் இன்னும் ஒரு முழுச்சுற்று சுற்று. குறிகள் சிறியவை, எண்ணெய் அழுக்கு படிந்து கண்ணுக்கே தெரியாமல் இருக்கும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷில் கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்து, துணியால் துடைத்து, பள்ளத்தில் லிக்விட் பேப்பரால் ஒரு வெள்ளைப் புள்ளி வை. நின்றபடி சாய்ந்து பார்த்தால் ஒரு பல் தள்ளியிருப்பதும் நேராக இருப்பதுபோலவே தெரியும். ஆகையால் கண்ணைக் குறியின் மட்டத்துக்கே இறக்கிப் பார், கைபேசியில் படமும் எடுத்து வை. வெளிப்புற புல்லியிலுள்ள வெட்டை மட்டும் நம்பாதே. சில வண்டிகளில் புல்லியின் நடுவே ரப்பர் வளையம் இருக்கும், அது வழுக்கியிருந்தால் அந்த வெட்டு பொய் சொல்லும்.

டென்ஷனரைத் தளர்த்தி, பெல்ட்டை விட்டு விலகும் பக்கம் தள்ளி இறுக்கிக்கொண்டால் பழைய பெல்ட் கழன்றுவிடும். அதன் பிறகு கேமையோ கிராங்க்கையோ தனித்தனியாகச் சுற்றாதே. வால்வு ஸ்பிரிங்கின் அழுத்தத்தால் கேம் தானாகக் கொஞ்சம் நகரலாம். பதறாமல் மெல்லக் குறிக்குத் திருப்பு. புதுப் பெல்ட்டை மடக்காதே, முறுக்காதே, எண்ணெய்க் கையால் தொடாதே. முதலில் கிராங்க், பிறகு கேம், கடைசியில் டென்ஷனர் என்று மாட்டு. டென்ஷனர் இல்லாத பக்கம் சிறிதும் தொய்வில்லாமல் இருக்க வேண்டும், தொய்வு முழுவதும் டென்ஷனர் பக்கமே சேர வேண்டும். பிறகு டென்ஷனரைத் தளர்த்தினால் அதன் ஸ்பிரிங்கே பெல்ட்டை இழுத்துக்கொள்ளும். நீ கம்பி கொடுத்து நெம்பி இறுக்கினால் பெல்ட் ஊளையிடும், பேரிங்கும் சீக்கிரம் போகும்.

மூடியைப் போடும் அவசரம் இங்கேதான் வரும். வேண்டாம். கிராங்க்கைக் கையால் இரண்டு முழுச்சுற்று சுற்றி, இரண்டு குறிகளும் மறுபடி நேராக வருகின்றனவா என்று பார். நடுவில் கெட்டியாக எதுவோ தடுத்தால் பலம் கொடுக்காதே; அது வால்வாக இருக்கலாம். ஒரு பல் தள்ளியிருந்தாலும் கழற்றி மறுபடி மாட்டு. அரை மணி நேரம் போனால் போகட்டும். எத்தனை முறை மாட்டியும் குறி சேரவில்லை என்றால் சாவியைத் தொடாமல் எனக்குப் படம் அனுப்பு. அதற்குப் பிறகும் தெளிவாகவில்லை என்றால் இழுவை வண்டியை அழைத்துப் பட்டறைக்கு அனுப்பிவிடலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எல்லாம் முடிந்ததும் மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் எழுதி பானட்டுக்கு உள்பக்கம் ஒட்டிவிடு. முதல் சில நாள் ஜொகூர் பாருவுக்குள்ளேயே ஓட்டி, தண்ணீரும் எண்ணெயும் கசிகிறதா என்று காலையில் அடியில் பார்த்துவிட்டு, பிறகு இந்தப் பக்கம் வா.

போல்ட்டை அளவு பார்த்து இறுக்கும் என்னுடைய டார்க் ரெஞ்ச்சை உன் சித்தப்பா மகனிடம் கொடுத்தனுப்புகிறேன். கிராங்க் போல்ட்டைக் கண்மதிப்பில் இறுக்காமல், கையேட்டில் உள்ள அளவுக்கு அதைக் கொண்டே இறுக்கு; வேலை முடிந்ததும் ரெஞ்ச்சின் அளவை அடிமட்டத்துக்குக் குறைத்துப் பெட்டியில் வை, இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தளர்ந்துவிடும்.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா