எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்து நின்றவர்களுக்கு

மதிப்பிற்குரிய வட்டாரக் கல்வி அலுவலர் அம்மாவுக்கும், கஜா புயலுக்குப் பிறகு எங்கள் பள்ளிக்கு வந்து நின்ற எல்லோருக்கும் வணக்கம்.

சுவருக்கு வெள்ளையடிக்காத பொங்கல் இது. எத்தனையோ வீட்டில் அடிக்கச் சுவரே இல்லை. பொங்கல் முடிந்து பள்ளி திறந்த அன்று பிள்ளைகள் காலை வழிபாட்டுக்கு வரிசை கட்டி நின்றார்கள். பார்த்ததும், இந்தக் கடிதத்தை இனியும் தள்ளிப்போடக் கூடாது என்று தோன்றிவிட்டது. வேதாரண்யம் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியின் தலைமையாசிரியர் நான். ஊர்ப்பெயர் வேண்டாம், வந்தவர்களுக்குத் தெரியும்.

2018 நவம்பர் 15ஆம் தேதியே பள்ளிக்கு விடுமுறை விட்டு, வகுப்பறைகளை முகாமாக்கியிருந்தோம். நள்ளிரவு தாண்டிப் பிடித்த காற்று விடியற்காலை வரை விடவில்லை. எட்டாம் வகுப்பு அறையின் கதவுக்கு பெஞ்சுகளை முட்டுக்கொடுத்து, அதன்மேல் நாங்கள் சாய்ந்து நின்றோம். தலைக்கு மேலே ஓடுகள் ஒவ்வொன்றாகப் பெயர்ந்து போகிற சத்தம். விடிந்து பார்த்தால் தெருவைக் காணோம், தென்னை மேல் தென்னையாகக் கிடந்தது.

திங்கள்கிழமைதான் வெளியாள் முகத்தைப் பார்த்தோம். ஏஇஓ அம்மா (உதவித் தொடக்கக் கல்வி அலுவலர் என்ற பதவியின் பெயர் மே மாதத்திலிருந்து வட்டாரக் கல்வி அலுவலர் என்று மாறிவிட்டது, எங்கள் வாய்தான் இன்னும் மாறவில்லை) புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, விழுந்த மரங்களை ஏறித் தாண்டி நடந்தே வந்தார். நான் சேத விவரம் எழுதிய தாளை நீட்டினேன். அதை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு கேட்டார்:

"சார், கட்டடம் கிடக்கட்டும். உங்க பிள்ளைங்க எல்லாரையும் கண்ணால பாத்தீங்களா?"

"முகாம்ல இருக்கிறவங்களைப் பாத்தேம்மா."

"முகாம்ல இல்லாதவங்கதான சார் எனக்கு வேணும்."

வருகைப் பதிவேட்டை விரித்து உட்கார்ந்தோம். கண்ணால் பார்த்த பிள்ளைக்கு மட்டும் பெயருக்கு நேராக ஒரு டிக். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னால் டிக் கிடையாது. ஆசிரியர்கள் தெரு தெருவாகப் பிரிந்து போனார்கள். தங்கள் வீட்டுக் கூரையையே இன்னும் சரிசெய்யாதவர்கள் அவர்கள். உப்பளத்துக் குடிசைகள் வரைக்கும், கடல் சேறு ஏறிக் கிடந்த கரை வரைக்கும் போய்ப் பார்த்தார்கள். நான்காம் வகுப்பில் அண்ணன், இரண்டாம் வகுப்பில் தங்கை. இந்த இரண்டு பெயருக்கு மட்டும் டிக் விழவே இல்லை. நான்காம் நாள் திருத்துறைப்பூண்டியில் அவர்களுடைய அத்தை வீட்டில் இருப்பது தெரிந்தது. அங்கே பணிபுரியும் ஆசிரியை ஒருவரை நேரில் அனுப்பிப் பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் அம்மா அந்த டிக்கைப் போட்டார். 2004 சுனாமியின்போது தான் நாகப்பட்டினத்தில் இடைநிலை ஆசிரியையாக இருந்ததாகச் சொன்னார். வேறொன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கரண்டும் கிடையாது, டவரும் கிடையாது. அந்த நிலையில் ஓர் அலுவலகத்திலிருந்து ஆள் மூலம் தாக்கல் வந்தது: சேத விவரத்தைக் குறிப்பிட்ட படிவத்தில், புகைப்படத்தோடு, அன்று மாலைக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டுமாம். ஏஇஓ அம்மா சிரித்துவிட்டு, "கையால எழுதிக் குடுங்க, அங்க நான் பேசிக்கிறேன்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கே தனியாக ஒரு நன்றி சொல்ல வேண்டும். புத்தகம் நனைந்துபோன பிள்ளைகளின் பட்டியலையும் அப்படியே கையெழுத்தில்தான் வாங்கிப்போனார். 6ஆம் வகுப்புக்கு அந்த ஆண்டுதான் புதுப் பாடத்திட்டம் என்பதால், பழைய மாணவர்களிடம் வாங்கிக் கொடுக்கவும் வழியில்லை. கட்டுப் பிரிக்காத புத்தகங்கள் வந்து இறங்கியபோது பிள்ளைகள் முதலில் மோந்துதான் பார்த்தார்கள்.

அலுவலக அறையில் இருந்த சேர்க்கைப் பதிவேடுகள் ஊறிப் போயிருந்தன. ஊரில் பாதிப் பேருடைய பிறந்த தேதிக்கு அதுதான் சாட்சி. வெயிலில் வைத்தால் தாள் சுருண்டு ஒட்டிக்கொண்டது. எங்கள் ஊர் இஸ்திரிக்காரரை மறக்கவே முடியாது. கரிப்பெட்டிக்குக் கரண்டு எதற்கு? சூட்டை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்து, தாளின்மேல் பழைய வேட்டித் துணியைப் போட்டு, பக்கம் பக்கமாகத் தேய்த்துக் கொடுத்தார். மூன்று நாள் வேலை. காசு கொடுத்ததற்கு, "என் பேரும் அதுலதான சார் இருக்கு" என்று வாங்க மறுத்துவிட்டார்.

சத்துணவு அமைப்பாளர், சமையலர், உதவியாளர் மூவருக்கும் நன்றி. பிள்ளைகளுக்கு அளக்கிற கையால் ஊருக்கே உலை வைத்தார்கள். முறிந்த மரத்தையே விறகாக்கியதால் ஈரப் புகையில் அவர்கள் கண் சிவந்தது ஆறப் பல நாளானது. லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் சாய்ந்த டெல்டாவில் சேற்று வயலில் கம்பத்தைத் தோளில் சுமந்து நட்ட மின் ஊழியர்களுக்கும் நன்றி. வெளி மாவட்டங்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்தவர்கள் அவர்கள். கோயில் மண்டபத்தில் வகுப்பு நடத்த இடம் கொடுத்த ஊர்ப் பெரியவர்களுக்கும், மரம் அறுக்கும் மிஷினோடு வந்து வாசலைத் திறந்துவிட்ட பழைய மாணவர்களுக்கும் நன்றி.

சொல்ல ஒரு வருத்தமும் உண்டு. தென்னையை நம்பியிருந்த சில குடும்பங்கள் திருப்பூர் பக்கம் பிழைக்கப் போய்விட்டன. மூன்று மாற்றுச் சான்றிதழ்களில் கையெழுத்துப் போட்டேன். மூன்று பேரையும் போகிற ஊர்ப் பள்ளியில் சேர்த்துவிட்டார்களா என்று ஏஇஓ அம்மா இன்னமும் போனில் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

கடைசியாக ஒரு விஷயம். இரவில் லாரியில் வந்து, பெயர்கூடச் சொல்லாமல் தார்ப்பாய்களை இறக்கிவிட்டுப் போன தம்பிகளே, அதில் ஒன்று இரவலாக வாங்கிவந்தது போலிருக்கிறது. மூலையில் வெள்ளைப் பெயின்டில் 'கல்யாண மண்டபம்' என்று எழுதியிருக்கிறது, ஊர்ப்பெயர் அழிந்துவிட்டது. கழுவிக் காயவைத்து மடித்துப் பீரோவுக்கு மேல் வைத்திருக்கிறோம். முகூர்த்த நாள் வருவதற்குள் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

நன்றியுடன்,
தலைமையாசிரியர்
தை, 2019