எட்மண்டனிலிருந்து அண்ணாவுக்கு: உயர்த்திய பிக்கப்புக்கு டயரும் டிஸ்க்கும்

எட்மண்டன், ஆல்பர்ட்டா
அக்டோபர் 19

அன்புள்ள அண்ணாவுக்கும் அண்ணிக்கும்,

நலம். நாமக்கல்லில் அம்மாவும் பிள்ளைகளும் நலந்தானே? இங்கே குளிர் தொடங்கிவிட்டது. விடியற்காலையில் வண்டிக் கண்ணாடியில் படிந்த உறைபனியைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டியிருக்கிறது.

நான் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு, “பிக்கப்புக்கு எதுக்குடா இவ்வளவு பெரிய டயர், எப்படி அளவு பார்த்துப் போடுறீங்க?” என்று கேட்டிருந்தீர்கள். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும். அதனால் எழுதுகிறேன். உங்கள் கடைப் பையன்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.

நம் ஊரில் வீட்டுக்கு வீடு பைக் நிற்பது போல ஆல்பர்ட்டாவில் பிக்கப் நிற்கும். எண்ணெய்க் கிணற்றுக்குப் போகிறவர், விவசாயி, தச்சர் எல்லாருக்கும் அதுதான் வண்டி. நெடுஞ்சாலையை விட்டு இறங்கினால் ஜல்லிச் சாலை, வருஷத்தில் ஐந்து மாதம் பனி. உயரமும் பெரிய டயரும் அந்த வழிக்கு உதவும் என்பது உண்மைதான். அழகுக்காக உயர்த்துகிறவர்களும் நிறைய. இரண்டு பேருக்கும் கணக்கு ஒன்றுதான்.

ஃபோர்டு எஃப்-150 வண்டியையே எடுத்துக்கொள்கிறேன், 2015 முதல் 2020 வரை வந்த மாடல். இங்கே எங்கள் கடைக்கு அதிகம் வருவது அதுதான். கம்பெனியிலிருந்து வரும்போது முகம் கொஞ்சம் தாழ்ந்து, பின்பக்கம் தூக்கி நிற்கும். பாரம் ஏற்றினால் மட்டமாவதற்காக அப்படிச் செய்கிறார்கள். முன் ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த தூண்) தலையில் ஒரு வளையம் வைத்து 2 இன்ச் உயர்த்தி மட்டமாக்குவது சின்ன வேலை. அதற்கு மேல் போனால் 4 இன்ச், 6 இன்ச் கிட்டுகள். முன்பக்கத்தில் குறுக்குச் சட்டம், சக்கரத்தைத் தாங்கும் நக்கிள் எல்லாமே மாறும். பின்னால் நமக்குப் பழகிய பட்டாதான் (லீஃப் ஸ்பிரிங்). அச்சுக்கும் பட்டாவுக்கும் நடுவே ஒரு கட்டை வைத்து, நீளமான யூ-போல்ட் போடுவார்கள். கட்டைமேல் இன்னொரு கட்டை அடுக்கவே கூடாது, பிரேக் பிடிக்கும்போது அச்சு முறுக்கிக்கொள்ளும்.

இங்கே எல்லாரும் தவறுவது ஒரே இடத்தில். 6 இன்ச் தூக்கினால் டயருக்கு 6 இன்ச் கூடுதல் இடம் கிடைத்துவிட்டதாக நினைக்கிறார்கள். அந்த இடம் வண்டி நிற்கும்போதுதான் இருக்கும். பள்ளத்தில் விழுந்து சஸ்பென்ஷன் முழுசாக அமுங்கும்போது சக்கரம் எவ்வளவு மேலே வருகிறது, அதே நேரம் ஸ்டீயரிங் முழுசாகத் திருப்பினால் டயர் எந்த வட்டத்தில் சுற்றுகிறது, இந்த இரண்டையும் வைத்துத்தான் டயர் உரசுமா என்று சொல்ல முடியும். நின்ற நிலையில் மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே கையை விட்டுப் பார்த்துச் சொல்கிறவன் பேச்சை நம்பாதீர்கள்.

இனி அளவு. இந்த வண்டியில் பலதில் வரும் டயர் 275/65ஆர்18. அகலம் 275 மி.மீ., பக்கவாட்டு உயரம் அதில் 65 சதவீதம், அதாவது 178.75 மி.மீ. அதை இரண்டால் பெருக்கி, 18 இன்ச் ரிம்முக்கு 457.2 மி.மீ. கூட்டினால் மொத்த உயரம் 814.7 மி.மீ., கிட்டத்தட்ட 32 இன்ச். இதையே 275/70ஆர்18 ஆக மாற்றினால் 842 மி.மீ., 33 இன்ச்சுக்குச் சற்று மேல். பெரிய கிட்டுக்குப் போடுவது 35×12.50ஆர்17. இது நம் 10.00ஆர்20 லாரி டயர் மாதிரி இன்ச்சிலேயே எழுதும் பழைய முறை, ஆனால் இங்கே முதல் எண் மொத்த உயரம், இரண்டாவது அகலம். 35 இன்ச் என்றால் 889 மி.மீ. ஆனால் டயரில் 35 என்று போட்டிருந்தாலும் அளந்தால் பல கம்பெனி டயர்கள் அரை இன்ச் குறைவாக இருக்கும். பெயரைப் பார்த்துக் கணக்குப் போடாமல், கம்பெனி தரும் அளவுத் தாளில் உள்ள உயரத்தை எடுக்க வேண்டும்.

உயரத்தில் கூடுவதில் பாதிதான் வண்டியை உயர்த்தும். 35 போட்டால் அச்சு 37 மி.மீ. மேலே போகும். மற்ற பாதி டயருக்கு மேலே உள்ள இடத்தைத் தின்னும். டயரின் முன்முனையும் பின்முனையும் அதே 37 மி.மீ. பம்பரையும் கதவுப் பக்கத்தையும் நோக்கி நீளும். உரசல் பெரும்பாலும் அந்த இரண்டு முனையிலும்தான் தொடங்குகிறது.

டயர் உயரத்தைவிட அதிகம் கவனிக்க வேண்டியது டிஸ்க்கின், அதாவது டயர் மாட்டும் உலோகச் சக்கரத்தின், ஆஃப்செட். இதைப் பையன்களுக்கு நிதானமாகச் சொல்லிக்கொடுங்கள். டிஸ்க்கைத் தரையில் முகம் கவிழ்த்து வையுங்கள். உள்பக்க விளிம்பின் மேல் குறுக்கே ஒரு நேரான கம்பியை வைத்து, கம்பியிலிருந்து ஹப்பில் (வண்டியில் டிஸ்க் மாட்டும் இடம்) உட்காரும் முகம் வரை டேப்பால் அளந்தால் அது பேக்ஸ்பேசிங். டிஸ்க்கின் நடுக்கோட்டிலிருந்து அந்த முகம் எவ்வளவு வெளியே தள்ளியிருக்கிறது என்பது ஆஃப்செட். வெளிப்பக்கம் தள்ளியிருந்தால் கூட்டல் குறி, உள்பக்கம் என்றால் கழித்தல் குறி.

கம்பெனி டிஸ்க் 7.5 இன்ச் அகலம், ஆஃப்செட் +44. பாதி அகலம் 95 மி.மீ. அதனால் ஹப் முகத்திலிருந்து உள்ளே 139, வெளியே 51. இதைக் கழற்றிவிட்டு 9 இன்ச் அகலம், ஆஃப்செட் 0 உள்ள டிஸ்க் போட்டால் உள்ளேயும் வெளியேயும் 114. உள்பக்கம் 25 மி.மீ. இடம் கிடைத்தது, சஸ்பென்ஷனின் மேல் ஆர்மில் (சக்கரத்தை வண்டிச் சட்டத்தோடு இணைக்கும் கை) டயர் தொடாது. நல்லதுதான், ஆனால் வெளிப்பக்கம் 63 மி.மீ. தள்ளிவிட்டது. அதே 9 இன்ச் டிஸ்க் +18 என்றால் வெளியே 45 மி.மீ.தான் தள்ளும், உள்ளே 7 மி.மீ. மிச்சம்.

வெளியே தள்ளுவதில் என்ன கெடுதல்? சக்கரம் திரும்பும் மையத்திலிருந்து டயர் விலகிப்போவதால், திருப்பும்போது சுழலும் வட்டம் பெரிதாகிறது. அதே டயர், அதே உயரம், ஆனால் +44-இல் உரசாதது 0-வில் பம்பரின் கீழ் மூலையில் உரசும். பின்னால் கேபினின் தகரம் மடித்து வெல்டிங் வைத்த விளிம்பையும் தொடும். பேரிங்குக்கும் பால் ஜாயின்ட்டுக்கும் சுமை கூடும், பள்ளத்தில் ஸ்டீயரிங் கையை இழுக்கும். மட்கார்டுக்கு வெளியே நீட்டிய டயர் ஜல்லியை வாரிக் கதவில் அடிக்கும், ஒரே குளிர்காலத்தில் பெயிண்ட் போய்விடும். டயர் உரசுகிறது என்று வருகிறவர்களில் பலருக்கு ஆஃப்செட்டைச் சரிசெய்தால் போதும், டயரைச் சின்னதாக்க வேண்டியதில்லை.

போடுவதற்கு முன் பார்க்கும் முறை இது. முன்பக்கம் ஒரு சக்கரத்தை மட்டும் மாட்டி, அது இருக்கும் பக்கத்துக் கீழ் ஆர்மின் அடியில் ஜாக்கி வைத்து, சஸ்பென்ஷனை முடிந்தவரை அமுக்கி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஸ்டீயரிங்கைத் திருப்பிப் பார்ப்போம். பிறகு வண்டியை இறக்கி, முழுசாகத் திருப்பிய நிலையிலேயே ரிவர்ஸில் ஓட்டிப் பார்க்க வேண்டும், முன்னால் போகும்போது தெரியாத உரசல் அப்போது தெரியும். உள் பிளாஸ்டிக் லைனரில் லேசாகப் பட்டால் சூடுகாட்டித் தள்ளிவிடலாம், கொஞ்சம் வெட்டலாம். மேல் ஆர்மில் பட்டால் மட்டும் விடவே கூடாது. இரும்பு ஒரே இடத்தில் பக்கவாட்டை அறுத்துக்கொண்டே இருக்கும், உள்பக்கம் என்பதால் வெடிக்கும்வரை யாருக்கும் தெரியாது. பெரிய கிட்டோடு வரும் தாளில் டிஸ்க் அகலமும் பேக்ஸ்பேசிங்கும் எழுதியிருப்பார்கள். அதை மீறி நாங்கள் ஏற்றுவதில்லை.

துளை விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஃபோர்டில் 6 ஸ்டட் (நட் ஏறும் போல்ட்), அவை நிற்கும் வட்டம் 135 மி.மீ. செவ்ரோலே சில்வராடோ 1500-இல் 6 ஸ்டட், 139.7. பார்வைக்கு ஒன்று போலத் தெரியும், மாறாது. ஃபோர்டில் நடுத் துளை 87.1 மி.மீ. வெளிக் கம்பெனி டிஸ்க்குகளில் பலதில் துளை பெரிதாக இருக்கும், அதற்கு வளையம் போட்டு மையம் பிடிப்போம். நட் எம்14×1.5, டிஸ்க்கின் இருக்கைக்கு ஏற்ற கூம்பு வடிவம். டார்க் ரெஞ்சில் 204 நியூட்டன் மீட்டர். 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி இறுக்க வரச் சொல்வோம். புது டிஸ்க்கில் பெயிண்ட் அமுங்கி நட் தளரும், வராதவர்களை நினைத்தால் பயமாகத்தான் இருக்கிறது.

டிஸ்க் உயரம் 17 இன்ச்தான் என் தேர்வு. 35 டயரில் 17 டிஸ்க் போட்டால் பக்கவாட்டு 9 இன்ச் கிடைக்கும், 20 போட்டால் ஏழரை. பனி உருகும் மாதத்தில் இங்கே சாலை குழி குழியாகப் பெயர்ந்துவிடும். அந்த ஒன்றரை இன்ச் ரப்பர்தான் ரிம் வளையாமல் காப்பாற்றும். 12.50 அகல டயருக்கு டிஸ்க் 8.5 முதல் 11 இன்ச் வரை போடலாம். குறைந்த பக்கம் நிற்பதே நல்லது, ஜல்லியில் விளிம்பு அடிபடாது.

பாரக் கணக்கை யாரும் கேட்பதே இல்லை, நாங்களாகத்தான் சொல்கிறோம். கதவுத் தூணில் ஒட்டிய தாளில் கம்பெனி டயரும் காற்றும் இருக்கும். டயரில் பார எண் 116 என்று இருந்தால் ஒரு டயர் தாங்குவது 1250 கிலோ. உயர்த்திய வண்டிக்கு எல்டி (லைட் டிரக்) என்று குறித்த டயர்தான் போடுவார்கள், ‘ஈ’ ரகம் என்றால் 10 பிளை (அடுக்கு) பலம். எல்டி டயர் அதே பாரத்தைத் தாங்க அதிகக் காற்று கேட்கும். பழைய தாளைப் பார்த்து 35 பி.எஸ்.ஐ. வைத்துப் பாரம் ஏற்றினால் சூடாகிக் கெடும். பக்கவாட்டில் 80 என்று அச்சடித்திருக்கிறதே என்று 80 வைத்தால் நடுப்பகுதி மட்டும் தேயும், வண்டி குதிக்கும். பாரப் பட்டியலைப் பார்த்து வைத்துவிட்டு, டயரின் குறுக்கே சாக்பீஸால் தடித்த கோடு போட்டு நேர்ச்சாலையில் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்க்கலாம். நடுவில் மட்டும் அழிந்தால் காற்று அதிகம், ஓரத்தில் மட்டும் அழிந்தால் குறைவு. கோடு முழுதும் ஒரே மாதிரி அழிய வேண்டும்.

குளிரும் காற்றைத் தின்னும். 5, 6 டிகிரி வெப்பம் குறைந்தால் ஏறக்குறைய 1 பி.எஸ்.ஐ. போகும். கடைக்குள் 20 டிகிரியில் 40 வைத்த டயர் வெளியே மைனஸ் 30-இல் ஓர் இரவு நின்றால் 31 காட்டும். பஞ்சர் என்று ஓடிவருவார்கள். பனிக்கு அகல டயர் நல்லது என்பதும் பாதிதான் சரி. ஆழமான பனியில் மிதக்கும், சாலையில் படிந்த சேற்றுப்பனியில் வழுக்கும். குறுகலான டயர் அதை அறுத்துக்கொண்டு தரையைப் பிடிக்கும். பக்கவாட்டில் மூன்று சிகர மலையும் நடுவே பனிப்படிகமும் உள்ள முத்திரை இருக்கிறதா என்று பார்ப்போம். மலை தாண்டிப் பிரிட்டிஷ் கொலம்பியாவுக்குப் போகிறவர்களுக்கு, அங்கே பெரும்பாலான மலைச் சாலைகளில் அக்டோபர் 1 முதல் குளிர்கால டயர் சட்டப்படி வேண்டும்.

டயர் பெரிதானால் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லும். 35 போட்டால் முள் 100 காட்டும்போது வண்டி 109-இல் போகும், கம்ப்யூட்டரில் புது அளவைப் பதிய வேண்டும். அச்சிலுள்ள கிரவுன் பல்சக்கரத்தின் 3.55 விகிதம் 3.25 போல மெத்தனமாகிவிடும். பழைய இழுவை வேண்டுமென்றால் 3.87 வரும், அப்படி ஒன்று கிடைக்காது, 4.10 மாற்றுவார்கள். நான்கு சக்கர இழுவை வண்டியில் முன்னும் பின்னும் இரண்டையும் மாற்ற வேண்டும், செலவு அதில்தான். ஸ்டெப்னியும் அதே உயரத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் டிஃபரன்ஷியல் வேகும். பின்னால் தொங்கும் இடத்தில் 35 ஏறுமா என்று டேப்பால் முன்கூட்டியே அளப்போம். உயர்த்திய அன்றே அலைன்மென்ட், ஹெட்லைட் இறக்குதல் இரண்டும் செய்தாக வேண்டும்.

யார் வந்து கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதுதான்: 2 இன்ச், கம்பெனி டிஸ்க்கே, 275/70ஆர்18. பெரும்பாலும் எதையும் வெட்டாமல் ஏறும், மீட்டர் 3 சதவீதம்தான் தப்பும், குளிர்காலத்துக்கும் பொருந்தும். பெரிய கிட் வாங்கிவிட்டவருக்கு மட்டும் 35.

பெரியவன் தன் ஜீப்பை உயர்த்தக் கேட்கிறான் என்று எழுதியிருந்தீர்கள். நம் ஊரில் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு இருக்கிறது, கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றமே 2019-இல் சொல்லியிருக்கிறது. அந்த ஜீப்பின் மேல் மாடலுக்குக் கம்பெனியே கொடுக்கும் டயர் அளவு என்ன என்று பாருங்கள், அதற்குள் முடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். இப்போதுள்ள டிஸ்க்கைக் கவிழ்த்து நான் சொன்ன மாதிரி அளந்து, அகலமும் பேக்ஸ்பேசிங்கும் எழுதி அனுப்பினால் மற்றதை நான் கணக்குப் போட்டுத் தருகிறேன்.

அம்மாவுக்குக் கம்பளிச் சாக்ஸ் இரண்டு ஜோடி, இந்த வாரம் ஊருக்கு வருகிறவர் கையில் கொடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் தம்பி