முதல் லாகருக்கு டுங்கல்

மியூனிக்,
அக்டோபர் 14

அன்புள்ள செல்வா,

உன் கடிதம் வந்தது. கயல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்துவிட்டாள் என்று படித்ததும் மீனாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். இருவருக்குமே அவ்வளவு சந்தோஷம். கண்ணுக்குள் இன்னும் சின்னப் பிள்ளையாகத்தான் நிற்கிறாள். அம்மா இப்போது எங்களோடுதான் இருக்கிறார். முழங்கால் வலி கொஞ்சம் தேவலை, ஆனால் பனி விழுவதற்குள் ஊருக்கு டிக்கெட் போட்டுவிடு என்று நச்சரித்துக்கொண்டிருக்கிறார்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். வீட்டில் ஏல், அதாவது அறைச் சூட்டில் நொதிக்கும் பீர், காய்ச்சிக் கை பழகிவிட்டது, இந்தக் குளிர்காலத்தில் குளிரில் மெதுவாக நொதிக்கும் லாகர் பீர் போடப்போகிறேன், வெளிர் நிற லாகரான பில்ஸ்னரிலேயே தொடங்கலாமா என்கிறாய். வேண்டாம்டா. முதல் தடவை டுங்கல் போடு, அதாவது மியூனிக்கின் பழைய பழுப்பு லாகர். இந்த ஊரில் இருக்கிறேன் என்பதற்காகச் சொல்லவில்லை.

பில்ஸ்னர் பார்க்க எளிமையானது, காய்ச்சுவதற்குக் கடினமானது. நிறமும் வெளிர், மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) வாசனையும் மெல்லியது, அதனால் சின்னக் குறைகூட நாக்கில் தனியாகத் தெரியும். பில்ஸ்னர் மால்ட்டை மிதமான சூட்டில்தான் உலர்த்துகிறார்கள். கொதிக்கும்போது வேகவைத்த சோள வாசனையைக் கிளப்பும் சமாச்சாரம் அதில் நிறையத் தங்கிவிடுகிறது. அதை விரட்ட 90 நிமிடம் மூடி போடாமல் கொதிக்கவிட வேண்டும். மியூனிக் மால்ட்டை அதைவிட அதிகச் சூட்டில் உலர்த்துவதால் அந்தத் தொல்லை பெரும்பாலும் அங்கேயே போய்விடும், 60 நிமிடக் கொதி போதும்.

அடுத்தது தண்ணீர். 1842இல் யோசெஃப் க்ரோல் என்ற எங்கள் பவேரிய மாநிலத்துக்காரர் இன்றைய செக் நாட்டின் பில்சென் நகரத்துக்குப் போய் அந்தப் பொன்னிற லாகரைக் காய்ச்சினார். உப்புச்சத்து மிகக் குறைவான அந்த ஊர் தண்ணீர் அவருக்குக் கைகொடுத்தது. எங்கள் ஊர் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், கெட்டிலைப் பார்த்தாலே தெரியும். கருத்த மால்ட்டின் லேசான புளிப்பு அந்தச் சுண்ணாம்பைச் சரிக்கட்டிவிடும். மியூனிக் அவ்வளவு காலம் பழுப்பு பீரின் ஊராக இருந்ததற்கு இது முக்கியக் காரணம். இப்போது எல்லோரும் குடிக்கும் வெளிர் லாகரான ஹெல்லஸை இங்கே ஸ்பாட்டன் ஆலை கொண்டுவந்தது 1894இல்தான். உங்கள் டொராண்டோ குழாய்த் தண்ணீரும் ஓரளவு கடினமானதுதான், அதனால் டுங்கலுக்கு அப்படியே உதவும். ஆனால் அதில் கிருமி கொல்லக் கலக்கும் குளோரமைன் இருக்கிறது, கொதிக்கவைத்தாலும் சுலபத்தில் போகாது. முதலிலேயே அதை முறிக்கும் காம்ப்டன் மாத்திரையில் பாதியைப் பொடித்துக் கலந்துவிடு.

அளவு 20 லிட்டருக்குச் சொல்கிறேன். மியூனிக் மால்ட் நாலரைக் கிலோ, நிறத்துக்கு உமி நீக்கிய கராஃபா ஸ்பெஷல் என்ற கரு வறுவல் மால்ட் 120 கிராம். 67 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் மாஷ், அதாவது மால்ட்டை ஊறவிடு. கசப்பு தரும் பூவான ஹாப்ஸில் ஹாலர்டாவ் மிட்டல்ஃப்ரூ வகை 45 கிராம், எல்லாவற்றையும் வடித்த சாறு கொதி வந்ததும் போட்டுவிடு, கடைசியில் எதுவும் வேண்டாம். சாற்றின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் 1.050 பக்கம் காட்டினால் சரி. பழைய முறையில் மாஷில் ஒரு பகுதியைத் தனியே எடுத்துக் கொதிக்கவைத்துத் திரும்பச் சேர்ப்பார்கள். அருமையான முறைதான், ஆனால் முதல் தடவைக்கு வேண்டாம். உன் கவனமெல்லாம் ஈஸ்ட்மீது இருக்கட்டும்.

லாகரின் உயிரே அங்கேதான் இருக்கிறது, செல்வா. லாகர் ஈஸ்ட் ஒரு கலப்பினம். ஒரு பெற்றோர் நமக்குத் தெரிந்த ஏல் ஈஸ்ட். இன்னொன்று குளிர் தாங்கும் காட்டு ஈஸ்ட், 2011இல்தான் தென் அமெரிக்காவின் பட்டகோனியாக் காடுகளில் அதை அடையாளம் கண்டார்கள். ஏல் ஈஸ்ட் சுருண்டு படுத்துவிடும் 10 டிகிரியிலும் இது வேலை செய்வது அந்த இரண்டாவது பெற்றோரால்தான். ஆனால் குளிரில் மெதுவாகத்தான் பெருகும். குளிர்காலத்தில் தயிருக்கு உறை கூடுதலாக ஊற்றுவோமே, அதே கணக்குதான். ஏலுக்கு ஒரு பாக்கெட் போட்டாய் என்றால் இதற்கு இரண்டு போடு. பவேரியாவின் வைஹென்ஸ்டெஃபானிலிருந்து வந்த டபிள்யூ 34/70 உலர் ஈஸ்ட்டை வாங்கு. கொஞ்சம் சூடு ஏறினாலும் பொறுத்துக்கொள்ளும் ஈஸ்ட் அது. 11.5 கிராம் பாக்கெட் இரண்டை மேலே தூவிவிட்டால் போதும்.

தூவுமுன் வோர்ட் (கொதித்த மால்ட் சாறு) 10 டிகிரிக்கு இறங்கியிருக்க வேண்டும். குழாய்த் தண்ணீரில் குளிர்வித்து அவ்வளவு கீழே வராவிட்டால், பக்கெட்டை மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுத் தூங்கப் போ. காலையில் ஈஸ்ட் போடலாம். பக்கெட்டும் மூடியும் சுத்தமாக இருந்தால் ஓர் இரவில் ஒன்றும் கெடாது.

பழைய ஃபிரிட்ஜும் வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக் கருவியும் வாங்கிவிட்டேன் என்று எழுதியிருந்தாய், நல்லது. அந்தக் கருவியின் உணர்முனையை ஃபிரிட்ஜுக்குள் சும்மா தொங்கவிடாதே. பக்கெட்டின் பக்கவாட்டில், பீர் மட்டத்துக்குக் கீழே ஒட்டி, மேலே ஒரு துண்டு ஃபோம் வைத்து டேப் போட்டு இறுக்கு. நொதிக்கும்போது பீரே சூட்டைக் கிளப்பும், சுற்றியுள்ள காற்றைவிட ஓரிரு டிகிரி கூடுதலாகவே இருக்கும். நமக்கு வேண்டியது பீரின் சூடு. 11இல் வை. இரண்டாம் மூன்றாம் நாள் அழுகிய முட்டை நாற்றம் வந்தால் பயப்படாதே, லாகர் ஈஸ்ட்டின் இயல்பு அது, பின்னால் போய்விடும்.

ஹைட்ரோமீட்டர் 1.020க்கு வந்ததும் சூட்டை 17க்கு ஏற்றி மூன்று நாள் விட்டுவிடு. ஈஸ்ட் வெளியே விட்ட வெண்ணெய் வாசனைப் பொருளை அதுவே திரும்ப உறிஞ்சிக்கொள்ள இந்த நாட்கள் தேவை. உறிஞ்சியதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. இரண்டு சின்னக் கண்ணாடிக் குப்பிகளில் பீர் எடு. ஒன்றை மூடி 60 டிகிரித் தண்ணீரில் இருபது நிமிடம் நிறுத்தி, பிறகு ஆறவைத்து, இரண்டையும் மாற்றி மாற்றி முகர்ந்து பார். சூடுபடுத்தியதில் மட்டும் தியேட்டர் பாப்கார்ன் வாசனை வந்தால் அந்தப் பொருளாக மாறக்கூடிய ஒன்று பீரில் ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம், இன்னும் இரண்டு நாள் 17இலேயே விடு. இரண்டிலுமே அந்த வாசனை இல்லை என்றால் தாராளமாகக் குளிரவைக்கலாம். இந்தச் சோதனையை மட்டும் தயவுசெய்து தவிர்க்காதே. அவசரப்பட்டுக் குளிரவைத்தால் ஈஸ்ட் அடியில் படிந்துவிடும், அந்த வெண்ணெய் வாசனை பாட்டிலில் வந்து நிற்கும்.

அப்புறம் மெல்ல மெல்ல 1 டிகிரிக்கு இறக்கி, நாலைந்து வாரம் தொடாமல் விடு. குளிரும்போது மூடியில் வாயு வெளியேறச் செருகிய ஏர்லாக்கில் இருப்பதை பக்கெட் உள்ளே இழுக்கும், அதனால் தண்ணீருக்குப் பதில் கொஞ்சம் வோட்கா ஊற்றிவை. பாட்டிலில் அடைக்கும்போது லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரை, பிறகு அறைச் சூட்டில் இரண்டு மூன்று வாரம்.

காத்திருக்க அலுப்பாக இருந்தால் இந்த ஊர்க் கதையை நினைத்துக்கொள். 1553இல் பவேரியாவில் ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை பீர் காய்ச்சக் கூடாது என்று உத்தரவு போட்டார்கள், கோடையில் காய்ச்சியது கெட்டுப்போகும் என்பதால். குளிர்காலத்தில் காய்ச்சியதை நிலவறைகளில் வைத்துத்தான் கோடையைத் தள்ளினார்கள். வெயில் படாமல் இருக்க நிலவறைக்கு மேலே குதிரைச் செஸ்ட்நட் மரம் நட்டார்கள். மக்கள் அந்த நிழலில் உட்கார்ந்து குடிக்கத் தொடங்கியதும் ஊருக்குள் இருந்த விடுதிக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். 1812இல் அரசர் ஒரு வழி சொன்னார்: நிலவறைக்காரர் பீரும் ரொட்டியும் விற்கலாம், மற்ற சாப்பாடு விற்கக் கூடாது. அதனால் வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போனார்கள், இன்றைக்கும் பழைய பீர்த் தோட்டங்களில் அந்த வழக்கம் உண்டு. போன மாதம் அம்மாவின் புளியோதரையோடு நாங்களும் போய் உட்கார்ந்தோம். டுங்கலின் ரொட்டி வாசனையும் வறுத்த வேர்க்கடலையும் எவ்வளவு பொருத்தம் என்பதை நீ இங்கே வந்துதான் பார்க்க வேண்டும். அம்மா ஆப்பிள் சாறோடு சரி.

உன் தம்பி திருச்சியில் தானும் காய்ச்சிப் பார்க்கவா என்று கேட்டானாமே. கண்டிப்பாக வேண்டாம் என்று சொல்லு. தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் வீட்டில் காய்ச்சுவது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம்.

மால்ட் வாங்குவதற்கு முன் அயிங்கர் ஆலையின் டுங்கல் உங்கள் ஊர்க் கடையில் கிடைக்கிறதா என்று பார். ஒன்றை வாங்கி, ரொம்பச் சில்லென்று இல்லாமல் குடித்துப் பார்த்தால் எதை நோக்கிப் போகிறோம் என்று நாக்குக்குப் பிடிபடும். காய்ச்சிய அன்றைக்கு ஹைட்ரோமீட்டர் என்ன காட்டியது, எத்தனை டிகிரியில் ஈஸ்ட் போட்டாய், இரண்டையும் எழுது. அப்பாவுக்கு என் வணக்கம், கயலுக்கு எங்கள் ஆசி.

அன்புடன்,
ரவி