அட்டையில் நிரம்பாத கட்டங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சேர்வராயன் மலை ஊர்களின் தொடக்கப் பள்ளிகளில் 31 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். ஜூன் மாதத்தில் முதல் வகுப்புச் சேர்க்கைக்கு வரும் தாய்மார்கள் மஞ்சள் பையிலிருந்து குடும்ப அட்டை, சாதிச் சான்று, பிறப்புச் சான்று என்று ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைக்கும்போது, நெகிழி உறையில் சுற்றிய தடுப்பூசி அட்டையும் சில நேரம் கூடவே வெளியே வரும். பலமுறை மடித்து மடித்து ஓரம் நைந்துபோன அந்த அட்டையில், பிறந்தவுடன் போட்டது, ஆறாவது வாரம், பத்தாவது வாரம், பதினான்காவது வாரம் என்று முதல் கட்டங்களில் நீல மையில் தேதிகள் ஒழுங்காக எழுதப்பட்டிருக்கும். ஒன்றரை வயதுக்கான கட்டத்தில் சிலருக்குத் தேதி இருக்கும், சிலருக்கு இராது. ஐந்து வயதுக்கான கட்டம் பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கும். அந்த அட்டையைப் பார்க்க வேண்டும் என்று என் பணிக்காலத்தின் முதல் பத்தாண்டுகளில் எனக்கே தோன்றியதில்லை என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன். அந்த வெறுங்கட்டத்தைப் பற்றியும், அங்கே விட்டுப்போன ஊசி தடுக்கவேண்டிய தொண்டை அடைப்பான் நோயைப் பற்றியும்தான் இந்தக் கடிதம்.

தொண்டை அடைப்பான் என்று நம் முன்னோர் அழைத்த டிப்தீரியா, ஒழிந்துபோன நோய்களின் பட்டியலில் சேர்ந்துவிட்டதாகப் படித்தவர்களும் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். 2018ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் 8,000க்கும் மேற்பட்டோருக்கு இந்நோய் வந்ததாக உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு காட்டுகிறது. பக்கத்து மாநிலமான கேரளத்தில், மருத்துவ வசதிக்கு எந்தக் குறையும் இல்லாத இடத்தில், 2016ஆம் ஆண்டில் மலப்புரம் மாவட்டத்தில் இது பரவி உயிர்களையும் பறித்தது. முன்பு கைக்குழந்தைகளையும் சிறு பிள்ளைகளையுமே தாக்கிவந்த நோய், இப்போது பள்ளி செல்லும் வயதினரிடமும் வளரிளம் பருவத்தினரிடமும் கூடுதலாகக் காணப்படுவதை மருத்துவர்கள் சுட்டிக்காட்டுகிறார்கள். முதல் ஊசிகளைப் போட்டுவிட்டுப் பின்னவற்றை விட்டுவிடும் நம் வழக்கத்துக்கும் இதற்கும் உள்ள தொடர்பை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

என் பெரியம்மாவின் மகள் நான் பிறப்பதற்கு முன்பே, நான்காவது வயதில் இந்நோயால் இறந்தவள். காப்பித் தோட்டத்து லயன் வீட்டில் நடந்ததை என் அம்மா பலமுறை சொல்லிக் கேட்டிருக்கிறேன். முதல் இரண்டு நாள் லேசான காய்ச்சலும் தொண்டை வலியும்தான் இருந்திருக்கின்றன. மூன்றாம் நாள் தாடைக்குக் கீழே கழுத்து வீங்கியதும், பொன்னுக்கு வீங்கி என்று முடிவு செய்து, கங்காணி வீட்டிலிருந்து ஒரு தங்கச் சங்கிலியை இரவல் வாங்கிக் குழந்தையின் கழுத்தில் போட்டு, மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பற்றுப் போட்டிருக்கிறார்கள். நான்காம் நாள் மூச்சு வாங்கத் தொடங்கியபோது, தொட்டில் கட்டித் தூக்கிக்கொண்டு சேலத்துக்கு இறங்கியவர்கள் பாதி வழியிலேயே திரும்பி வந்தார்கள். இரவல் சங்கிலியைக் கழற்றிக் கொடுக்கும்போது பெரியம்மா அழவே இல்லையாம். அம்மா அதைத்தான் மறக்காமல் சொல்வார்.

பழங்கதை என்று இதைத் தள்ளிவிட முடியாது, ஏனெனில் இன்றும் கழுத்து வீங்கினால் நம் வீடுகளில் முதலில் நினைவுக்கு வருவது பொன்னுக்கு வீங்கிதான். பொன்னுக்கு வீங்கியில் வீக்கம் காதுக்குக் கீழே கன்னத்தோரம் தொடங்கும், தொண்டைக்குள் சவ்வு எதுவும் இராது. தொண்டை அடைப்பானிலோ, தாடைக்கடியிலும் கழுத்தின் முன்புறத்திலும் வீங்கி, காளையின் கழுத்தைப் போலப் பருத்துவிடும். வாயைத் திறக்கச் சொல்லி வெளிச்சத்தில் பார்த்தால், உள்நாக்கின் இரு புறத்திலும் சாம்பல் நிறத்தில் தடித்த சவ்வு படிந்திருப்பது தெரியும். பெரும்பாலும் காய்ச்சல் கடுமையாக இராது என்பதே பெற்றோரை ஏமாற்றிவிடுகிறது. அந்தச் சவ்வை விரலாலோ துணியாலோ துடைத்தெடுக்க யாரும் முயலக் கூடாது. அது சதையோடு ஒட்டியிருப்பதால், பெயர்த்தால் இரத்தம் கசியும். டிப்தீரியா என்ற பெயரே தோலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. தொண்டைக்குள் பதனிட்ட தோலைப் போலப் படிந்து நிற்கும் இந்தச் சவ்வைப் பார்த்துத்தான் அப்படிப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

மூச்சுக் குழல் அடைபடுவது ஓர் ஆபத்து என்றால், கண்ணுக்குத் தெரியாத மற்றோர் ஆபத்தும் உண்டு. கிருமி தொண்டையிலேயே தங்கிவிட, அது சுரக்கும் நஞ்சு இரத்தத்தில் கலந்து இதயத்தையும் நரம்புகளையும் போய்ச் சேர்கிறது. தொண்டை தேறிவரும் வேளையில், இரண்டாவது வாரத்தில், இதயத் தசை தளர்ந்து திடீரென உயிர் போவதுண்டு. அண்ணத்தின் நரம்பு செயலிழந்தால், குடிக்கும் தண்ணீர் மூக்கு வழியே திரும்பி வரும், பேச்சு மூக்கால் பேசுவது போலாகிவிடும். கிருமியைக் கொல்லப் பென்சிலினும் எரித்ரோமைசினும் இருக்கின்றன. ஆனால் ஏற்கெனவே சுரந்துவிட்ட நஞ்சை அவை ஒன்றும் செய்யா. அதை முறிப்பதற்கென்று குதிரையின் இரத்தத்திலிருந்து எடுக்கும் எதிர்நஞ்சு மருந்து தனியே வேண்டும். 1890ஆம் ஆண்டில் இதற்கு வழி கண்ட எமில் வான் பெரிங்குக்கு 1901ஆம் ஆண்டில் மருத்துவத்துக்கான முதல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனாலும், 100 ஆண்டுகளுக்கு மேலாகியும், அந்த மருந்து எளிதில் கிடைப்பதில்லை. உலகெங்கும் அதைத் தயாரிப்பவர்கள் மிகச் சிலரே. உறுப்புகளில் ஒட்டிக்கொண்டுவிட்ட நஞ்சை அது முறிக்காது என்பதால், ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் ஆபத்து ஏறிக்கொண்டே போகும். இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி இறங்கவேண்டிய எங்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் கொஞ்சம் கடுமையாகவே அமையும்.

தடுப்பூசியில் இருப்பது இந்த நஞ்சேதான், ஆனால் பார்மலினில் பதப்படுத்திக் கெடுதல் நீக்கப்பட்ட நஞ்சு. பல் பிடுங்கிய பாம்பு என்று என் மாணவர்களுக்குச் சொல்வேன். அதனால் கடிக்க முடியாது, ஆனால் அதைப் பார்த்துப் பழகிய உடல், பல்லுள்ள பாம்பு வரும்போது தடியோடு நிற்கும். ஒருமுறை பார்த்ததை உடல் ஆயுளுக்கும் நினைவில் வைத்திருப்பதில்லை என்பதுதான் இதில் உள்ள சங்கடம். ஆறு, பத்து, பதினான்கு வாரங்களில் பென்டாவேலன்ட் என்னும் ஐந்து நோய்த் தடுப்பு ஊசியாகப் பெறும் பாதுகாப்பு ஆண்டுகள் செல்லச் செல்லக் குறைந்துவிடுவதால்தான், 16 முதல் 24 மாதங்களுக்குள், தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரணஜன்னி மூன்றையும் தடுக்கும் ஒரு முத்தடுப்பு ஊசியும், 5 முதல் 6 வயதுக்குள் இன்னொன்றும், பிறகு 10 வயதிலும் 16 வயதிலும் டி.டி. ஊசியும் அரசின் அட்டவணையில் வைக்கப்பட்டுள்ளன. இந்நோய் வந்து பிழைத்தவருக்கும் ஊசி வேண்டும். நோய் தானாகத் தரும் எதிர்ப்பாற்றலை நம்பியிருக்க முடியாது. இடையில் விட்டுப்போனவர்கள் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாலே போதும். ஊசி தாமதமாகிவிட்டதே, செவிலியர் திட்டுவாரே என்று கூச்சப்பட்டு வராமலே இருந்துவிடும் தாய்மார்களுக்கு இந்த ஒரு செய்தி மட்டும் போய்ச் சேர்ந்தால்கூட நல்லது.

டி.டி. என்ற பெயரால் விளையும் குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆணி குத்தினால் போடும் ரணஜன்னி ஊசியையும் நாம் டி.டி. என்றே சொல்லிப் பழகியிருக்கிறோம். இப்போது அரசு மையங்களில் கருவுற்ற தாய்மார்களுக்கும் 10, 16 வயதினருக்கும் போடப்படுவது ரணஜன்னியோடு தொண்டை அடைப்பானுக்கும் குறைந்த அளவில் மருந்து சேர்ந்த புதிய ஊசி. ஆங்கிலத்தில் TT என்றும் Td என்றும் வேறுபடும் இவ்விரண்டும் தமிழில் எழுதும்போது ஒன்றாகிவிடுகின்றன. போன வருடம் கால் கிழிந்தபோது டி.டி. போட்டாயிற்றே என்று பெற்றோர் சொன்னால், அது எந்த டி.டி. என்று கேட்க வேண்டியிருக்கிறது.

பெற்றோரை மட்டும் குறை சொல்வது எனக்கு உடன்பாடில்லை. முத்தடுப்பு ஊசிக்குப் பின் தொடை வீங்கி ஒன்றிரண்டு நாள் காய்ச்சல் வருவது பெரும்பாலும் அதிலுள்ள கக்குவான் இருமல் மருந்தால்தான். பாராசிட்டமாலும் ஈரத்துணி ஒத்தடமும் அதற்குப் போதும். ஆனால் கார்த்திகை முதல் தை வரை காப்பிப் பழம் பறிக்கும் நாட்களில், அந்த இரண்டு நாள் என்பது ஒரு தாய்க்கு இரண்டு நாள் கூலி. கீழே சேலத்தில், அம்மாபேட்டையில் தறி ஓட்டுபவர்களுக்கும் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுக்குப் பொடி வைத்துப் பற்றவைப்பவர்களுக்கும் இதே கதைதான். அப்படியும் கூலியை விட்டுவிட்டு இரண்டு மைல் நடந்து வந்த என் மாணவனின் தாயை, ஒரு குழந்தைக்காகப் பத்துப் பேருக்கான குப்பியைத் திறக்க முடியாது, அடுத்த புதன்கிழமை வாருங்கள் என்று ஒரு மையத்தில் திருப்பி அனுப்பினார்கள். அடுத்த புதன்கிழமை அவர் வரவில்லை. திறந்து 4 மணி நேரத்துக்குள் தீர்க்கவேண்டிய தட்டம்மை ஊசிக்கும் காசநோய்க்கான பி.சி.ஜி.க்கும்தான் அந்தத் தயக்கம் ஓரளவு பொருந்தும். முத்தடுப்பு, பென்டாவேலன்ட், டி.டி. குப்பிகளை, உரிய குளிரில் வைத்துக் காத்தால், திறந்த பின்னும் 28 நாட்கள் வரை பயன்படுத்தலாம் என்பது அரசே வகுத்த விதி. உரிய குளிர் என்பது 2 முதல் 8 டிகிரி வரைதான். குளிர் கூடினால் நல்லது என்று எண்ணி, உறைந்த பனிக்கட்டிப் பையை நேரே குப்பியோடு ஒட்டிவைத்து அந்த மருந்து உறைந்துவிட்டால், அதை யாருக்கும் போடக் கூடாது.

இதற்கெல்லாம் புதிய திட்டமோ பெரிய நிதியோ தேவையில்லை. முதல் வகுப்புச் சேர்க்கையின்போது தடுப்பூசி அட்டையைப் பார்த்து, 5 வயது ஊசி விட்டுப்போனவர்களின் பட்டியலை அந்த வாரத்திலேயே கிராம சுகாதாரச் செவிலியரிடம் தலைமையாசிரியர்கள் ஒப்படைக்குமாறு மாவட்டக் கல்வி அலுவலகம் ஒரு சுற்றறிக்கை அனுப்பலாம். அட்டை இல்லையென்று எந்தக் குழந்தையின் சேர்க்கையையும் மறுக்கக் கூடாது என்பதையும் அதில் தெளிவாக எழுத வேண்டும், இல்லாவிட்டால் மலைப்பிள்ளைகள் பள்ளிக்கே வராமல் போவார்கள். ஐந்தாம் வகுப்பில் டி.டி. போடும் நாளன்று வராத பிள்ளைகளையும், படிப்பை நிறுத்திவிட்டுக் குடகுக்கும் கேரளத்துக்கும் பெற்றோரோடு மிளகு பறிக்கப் போய்விட்ட பிள்ளைகளையும் தனிப்பட்டியலில் வைத்து, அவர்கள் ஊர் திரும்பும்போது தேடிச்சென்று போட வேண்டும். பறிப்புக் காலத்தில் மட்டுமாவது, புதன்கிழமையோடு நிறுத்திக்கொள்ளாமல், சந்தை நாளிலும் ஓர் ஊசி முகாம் நடத்த வேண்டும். சந்தைக்கு மலை முழுதும் வந்து சேர்கிறது; அன்று கூலி இழப்பும் இல்லை.

வரும் ஜூன் சேர்க்கைக்கு முன் அந்தச் சுற்றறிக்கை பள்ளிகளுக்கு வந்துவிட்டால், எங்கள் ஊர்ப் பள்ளியில் அட்டைகளைப் பார்த்துப் பட்டியல் எழுதிக்கொடுக்க ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் நான்கு பேர் ஒப்புக்கொண்டிருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தலைமையாசிரியை ஒருவர்,
ஏற்காடு, சேலம் மாவட்டம்.