தலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு டப்பாவைத் திறக்கச் சொல்லுங்கள்

அழகுக்கலைப் பயிற்சி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு வணக்கம்.

ராமநாதபுரத்தில் 16 ஆண்டுகளாகச் சிறியதோர் அழகு நிலையத்தை நடத்திவருகிறேன். ஆறு மாதச் சான்றிதழ்ப் பயிற்சியை முடித்துவிட்டுத்தான் நான் கத்திரிக்கோலைப் பிடித்தேன். இன்று என்னிடம் வேலை கேட்டு வரும் பெண்களும் அப்படியொரு சான்றிதழோடுதான் வருகிறார்கள். புருவம் திருத்துவதிலும் மணப்பெண் அலங்காரத்திலும் அவர்கள் கையைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. ஆனால், எதிரே உட்கார்ந்திருப்பவரின் முடி தண்ணீரை எவ்வளவு விரைவாக உறிஞ்சுகிறது, எவ்வளவு நேரம் பிடித்து வைத்திருக்கிறது என்று கேட்டால் பெரும்பாலோர் விழிக்கிறார்கள். அந்தத் தன்மையைக் குறிக்கும் போராசிட்டி என்ற சொல் அவர்களுடைய குறிப்பேட்டில் இருக்கிறது. அதன்கீழ் ஒரு வரி விளக்கமும், முடி மிதக்கும் கண்ணாடி டம்ளரின் படமும் இருக்கின்றன. அவ்வளவுதான்.

முதலில் அந்த டம்ளரைப் பாடத்திலிருந்து எடுத்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். மிதந்தால் குறைந்த போராசிட்டி, மூழ்கினால் அதிகம் என்று சொல்லித் தருகிறோம். முடியின் அடர்த்தி தண்ணீரைப் போல ஏறத்தாழ 1.3 மடங்கு, அதன்படி பார்த்தால் எந்த முடியும் மூழ்கத்தான் வேண்டும். அதை மேலே தாங்கி நிற்பது நீரின் பரப்பு இழுவிசையும், முடிமேல் ஒட்டியிருக்கும் எண்ணெயும் சீரமும்தான். புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி இந்தச் சோதனையைச் செய்துகாட்டியபோது, ஒரே தலையிலிருந்து மூன்று முடிகளை எடுத்துப் போடச் சொன்னேன். ஒன்று மிதந்தது, ஒன்று பாதியில் தொங்கியது, ஒன்று அடியில் போய்க் கிடந்தது. "இப்போது இந்த அக்காவுக்கு என்ன எழுதுவாய்?" என்று கேட்டேன், அவள் குறிப்பேட்டை மூடிவைத்தாள்.

போராசிட்டியை மாணவியருக்குப் புரியும்படி சொல்ல ஓட்டுவீட்டுக் கூரை ஒன்றே போதும். முடியின் மேலுறையில் செதில்கள் ஓடுகளைப் போல ஒன்றன்மேல் ஒன்றாக, ஐந்து முதல் பத்து அடுக்குவரை படிந்திருக்கின்றன. அவற்றின்மேல் தண்ணீரை ஒட்டவிடாத மெல்லிய கொழுப்புப் படலம் ஒன்று இயற்கையிலேயே உண்டு. ஓடுகள் இறுகியிருந்தால் மழை வழிந்தோடும், விலகியிருந்தால் ஒழுகும். ப்ளீச்சும் அம்மோனியா கலந்த டையும் முடியை நேராக்கும் ஸ்மூத்தனிங் கிரீமும் முதலில் கரைப்பது அந்தக் கொழுப்புப் படலத்தைத்தான். அது ஒருமுறை போய்விட்டால் அந்த முடியில் மீண்டும் வளராது. கண்டிஷனர் தற்காலிகமாக அதன் இடத்தில் நிற்கும், அலசினால் போகும்.

நாம் அடிக்கடி செய்யும் தவறு, போராசிட்டியை ஓர் ஆளின் குணம்போல எழுதி வைப்பது. முடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. இடுப்புவரை தொங்கும் 60 சென்டிமீட்டர் கூந்தலின் நுனிக்கு வயது ஐந்து. ஐந்து ஆண்டுகளின் வெயில், சீப்பு, சோப்பு, சாயம் எல்லாவற்றையும் பார்த்த நுனியும், போன மாதம் தோலைவிட்டு வெளியே வந்த வேர்ப்பகுதியும் ஒன்றாக இருக்க வழியே இல்லை. ஆகவே ஒரே முடியில் மேலே ஒரு விடையும் கீழே ஒரு விடையும் கிடைக்கும்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் கைத்தவறால் தெரிந்துகொண்டேன். தொழில் தொடங்கி மூன்றாவது ஆண்டில், திருமணத்துக்கு மூன்று வாரம் இருக்கையில் ஒரு பெண் ஸ்மூத்தனிங் செய்ய வந்தாள். கல்லூரி நாட்களில் நுனிக்குப் பழுப்பு நிறம் ஏற்றியிருந்தாள். பிறகு அதன்மேல் கறுப்பு டை போட்டு மறைத்திருந்தாள். நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. வேரிலிருந்து நுனிவரை ஒரே கிரீமை, ஒரே நேரக்கணக்கில் தடவினேன். அலசும்போது நுனி முடி ஈர நூல்போல நீண்டது; விரலைப் பின்னிழுத்தபோது மீளாமல் கையோடு வந்தது. தோள்வரை வெட்டிச் சமன்செய்து, திருமணத்தன்று சவுரி வைத்துச் சடை பின்னி அனுப்பினேன். அவள் என்னைத் திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

சாயம் ஏற்றிய முடிக்கெனத் தனி வீரியத்தில் கிரீம் விற்கப்படுகிறது என்பது அன்று எனக்குத் தெரியும். எந்த முடியில் எதைத் தொடுவது என்று தீர்மானிக்கத்தான் தெரியவில்லை. அந்தத் தீர்மானத்துக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். ஷாம்பூ போட்டு, கண்டிஷனர் போடாமல் உலரவிட்ட முடியில் தெளிப்பானால் தண்ணீர் அடித்து, முத்துமுத்தாக நிற்கிறதா, உடனே உள்ளே இறங்குகிறதா என்று வேரிலும் நடுவிலும் நுனியிலும் தனித்தனியாகப் பார்க்கலாம். ஒற்றை முடியைப் பிடித்து நுனியிலிருந்து வேரை நோக்கி விரலை ஓட்டினால் சொரசொரப்புத் தெரியும். நனைந்த முடியை மெல்ல இழுத்து, மீள்கிறதா என்று பார்க்கலாம். இவற்றையெல்லாம்விட, கடந்த மூன்று ஆண்டுகளில் தலையில் என்னென்ன போட்டீர்கள் என்று பொறுமையாகக் கேட்பது மேல். மருதாணி என்று சொல்லிவிட்டு, கடையில் வாங்கிய கறுப்புச் சாயப் பொடியைப் போட்டவர்கள் நிறைய உண்டு.

அடுத்த கேள்வி, வீட்டில் எந்தத் தண்ணீரில் குளிக்கிறீர்கள் என்பது. எங்கள் ஊரில் குடிக்கக் காவிரித் தண்ணீர், குளிக்கப் போர்வெல் உப்புத் தண்ணீர் என்ற வீடுகள் ஏராளம். அந்தப் போர்வெல் தண்ணீரின் கால்சியம், சேதமடைந்து செதில் விலகிய முடியில் கூடுதலாகப் படியும். அதைத்தான் வாடிக்கையாளர்கள் "ஷாம்பூ ஒத்துக்கொள்ளவில்லை, முடி நார்நாராக இருக்கிறது" என்று சொல்கிறார்கள். கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு செம்பு நல்ல தண்ணீரை எடுத்துவைக்கச் சொன்னால் பாதிக் குறை தீரும்.

பொருள் தேர்வு இதற்குப் பிறகுதான் வருகிறது. எதுவும் செய்யாத, செதில் இறுகிய முடிக்குக் கனமான எண்ணெயும் கெட்டியான மாஸ்க்கும் மேலேயே பிசுபிசுத்து நிற்கும். இலேசான கண்டிஷனரும், மாதமொருமுறை படிவை நீக்கும் ஷாம்பூவும் அதற்குப் போதும். செதில் விலகிய முடிக்கு ஒவ்வொரு அலசலுக்குப் பின்னும் கண்டிஷனர் வேண்டும். புரதம் சேர்ந்த சிகிச்சையும் உதவும், ஆனால் அளவு மீறினால் முடி விறைத்துப்போகலாம். தேங்காய் எண்ணெய் விஷயத்தில் நம் பாட்டிமாரின் பக்கம் ஆய்வும் நிற்கிறது: 2003இல் வெளிவந்த மும்பை ஆய்வு ஒன்றில், தேங்காய் எண்ணெய் முடிக்குள் இறங்கி, அலசும்போது புரதம் இழப்பதைக் குறைத்தது; சூரியகாந்தி எண்ணெயும் மினரல் எண்ணெயும் அதைச் செய்யவில்லை. அந்த ஆய்வைச் செய்தது தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் என்பதையும் மாணவியருக்குச் சொல்லிவிடுங்கள்; பிற்பாடு எந்த விளம்பரத்தையும் அவர்கள் அந்தக் கண்ணோடு பார்ப்பார்கள்.

ஷாம்பூ அமிலமா காரமா என்று காட்டும் பி.எச். அளவைப் பற்றியும் ஒரு வகுப்பு வேண்டும். தலைத்தோலின் அளவு ஏறத்தாழ 5.5, முடியின் அளவு அதைவிடக் குறைவு. இந்த அளவு கூடி, காரத்தன்மை ஏற ஏற முடி வீங்கிச் செதில் எழும்பும். பிரேசிலில் 123 ஷாம்பூக்களை அளந்து 2014இல் வெளியிட்ட ஆய்வில், 5.5க்குள் இருந்தவை சுமார் 38 சதவீதம்தான். சீயக்காய் இயல்பிலேயே இலேசான அமிலத்தன்மை கொண்டது. சீயக்காயின் பெயரைத் தாங்கிய சோப்புக் கட்டியோ, எந்தச் சோப்பையும் போலக் காரமானது. லிட்மஸ் தாள் கட்டு ஒன்றை வகுப்பில் வைத்தால் இந்த வேறுபாட்டை மாணவியர் தம் கண்ணாலேயே பார்த்துக்கொள்வார்கள்.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். செய்முறைத் தேர்வில், எந்தப் பொருளையும் தொடாமல், ஒரு தலையை அரை மணி நேரம் பார்த்து, கேட்டு, வேர், நடு, நுனி என்று மூன்று பகுதிகளுக்கும் தனித்தனியாக எழுதித் தரும் ஒரு பகுதியைச் சேருங்கள். அதற்கு மணப்பெண் அலங்காரத்துக்குத் தரும் அதே மதிப்பெண்ணைத் தாருங்கள். பயிற்சிக்கு முடி வேண்டுமென்றால், வாடிக்கையாளர்களின் ஒப்புதலோடு நான் வெட்டி எடுத்துவைத்த கற்றைகள் பல என்னிடம் உள்ளன. ஒவ்வோர் உறையின்மேலும் அந்த முடிக்கு என்னென்ன செய்யப்பட்டது என்று எழுதியிருக்கிறேன். கேட்போருக்குக் கொடுத்தனுப்புகிறேன், அந்த மணப்பெண்ணின் பழுப்பு நுனி இருக்கும் உறை ஒன்றைத் தவிர.

இப்படிக்கு,
உங்கள் பழைய மாணவியருள் ஒருத்தி,
ராமநாதபுரம்