தீவில் ஸ்கூட்டர் வேண்டாம் செல்வா

அன்புள்ள செல்வா,

உன் கடிதம் வந்தது. ஓய்வு பெற்ற கையோடு தீவுக்குக் கிளம்புகிறீர்கள் என்று படித்ததும் நம்பவே முடியவில்லை. முப்பது வருடமாக 'அடுத்த லீவுக்குப் பார்க்கலாம்' என்று சொன்ன ஆள் நீ! கமலாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அங்கே ஸ்கூட்டர் எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறாயே, அதனால் கேட்கிறேன்.

எடுக்காதே. போன வருடம் நான் எடுத்தேன். கடற்கரைச் சாலையில் ஒரு வளைவு, அதில் காற்று அடித்துக் கொண்டுவந்த மணல். பிரேக்கைத் தொட்டதுதான் தெரியும், ஓரத்துப் புல்லில் கிடந்தேன். கெண்டைக்காலில் சைலன்சர் சுட்ட தழும்பு இன்னும் மறையவில்லை. வண்டியைத் திருப்பித் தந்தபோது கடைக்காரர் குனிந்து, டார்ச் அடித்து, கீறலை ஒவ்வொன்றாக எண்ணினார். பாதிக்கு மேல் பழையவை. ஆனால் எடுக்கும்போதே நாலு பக்கமும் போட்டோ பிடித்து வைக்காதது என் தப்பு. பாஸ்போர்ட்டை வேறு அடகு மாதிரி அவரிடம் கொடுத்திருந்தேன், எப்படிச் சண்டை போடுவது? நீ எதை வாடகைக்கு எடுத்தாலும் பாஸ்போர்ட்டைக் கையை விட்டு விடாதே.

எந்தத் தீவு என்று நீ எழுதவே இல்லை. அதைப் பொறுத்துத்தான் எல்லாமே. கிரேக்கத்தின் ஹைட்ராவில் கார் கிடையாது, நடை, கோவேறு கழுதை, படகுதான். அமெரிக்காவின் மாக்கினாக் தீவில் 1898-லேயே மோட்டார் வண்டிக்குத் தடை போட்டுவிட்டார்கள், இன்றும் சைக்கிளும் குதிரை வண்டியும்தான். மாலத்தீவு என்றால், தங்கும் தீவுக்குக் கொண்டுபோகும் கடல் விமானம் இருட்டிய பிறகு பறக்காது. உங்கள் விமானம் சாயங்காலம் இறங்கினால் அன்றிரவு வேறெங்காவது தங்க வேண்டியிருக்கும், இல்லை ஸ்பீட் போட்தான்.

கார் ஓடும் தீவு என்றால் நடுவில் இரண்டு நாளுக்கு மட்டும் எடு. எல்லா நாளும் எடுத்தால் அது ஹோட்டல் வாசலில்தான் நிற்கும். இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட்டைக் கிளம்பும் முன்பே வாங்கிவிடு. மால்டா, சைப்ரஸ், மொரிஷியஸ் எல்லாம் இடப்பக்கம் ஓட்டும் ஊர்கள். கிரீட் மாதிரி வலப்பக்கம் என்றால் முதல் ரவுண்டானாவில் கை நடுங்கும், சொல்லிவிட்டேன். அப்புறம், தூரத்தைக் கிலோமீட்டரில் கேட்காதே, எவ்வளவு நேரம் ஆகும் என்று கேள். மலைத் தீவில் இருபது கிலோமீட்டர் ஒரு மணி நேரத்தைத் தின்றுவிடும்.

மற்ற நாட்களுக்கு பஸ்ஸே போதும். எனக்கு அதுதான் பிடிக்கும், ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து போகலாம். போகும் பஸ் கிடக்கட்டும், திரும்பும் கடைசி பஸ் எப்போது என்பதை இறங்கும்போதே டிரைவரிடம் கேட்டுவிடு. ஞாயிற்றுக்கிழமை நேரம் பல இடத்தில் வேறு. பக்கத்துத் தீவுக்குப் படகில் போவதாக இருந்தால் ஊர் திரும்பும் நாளுக்கு முந்தைய நாள் வைத்துக்கொள்ளாதே. காற்று பலமாக அடித்தால் படகை நிறுத்திவிடுவார்கள், உங்கள் விமானம் காத்திருக்காது.

சரி, தீவின் பெயரை எழுது. துறைமுகம் எங்கே, தங்குமிடம் எங்கே என்று வரைபடத்தில் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
ரகு