எந்த மண்ணுக்கும் ஏற்றது என்று எழுதி அனுப்பிய பூ உரம் பற்றிய புகார்

அனுப்புநர்:
உங்கள் வாடிக்கையாளர்,
உச்சிப்புளி அருகில்,
இராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்:
குறைதீர்ப்பு அதிகாரி,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

நாள்: ஜூலை 22

பொருள்: செம்பருத்தித் தொகுப்பால் ஏற்பட்ட இழப்பு, பணத்தைத் திருப்பித் தருவதும் பாக்கெட்டில் அச்சிட்டிருப்பதைத் திருத்துவதும் குறித்து.

ஐயா / அம்மா,

வணக்கம். கடந்த ஜனவரி 18ஆம் தேதி உங்கள் இணையதளத்தில் 1,840 ரூபாய் கட்டி ஒரு செம்பருத்தித் தொகுப்பு வாங்கினேன். மஞ்சள் பூ ஒட்டுச்செடி ஒன்று, ஐந்து கிலோ தென்னைநார்க் கட்டி ஒன்று, ஒரு கிலோ பூ உரம் ஒன்று. ஆர்டர் எண்ணும் ரசீதும் படங்களும் இந்தக் கடிதத்தோடு வருகின்றன. ஏற்கெனவே இரண்டு முறை மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன். அவற்றில் புதுச்செடியைப் பற்றித்தான் எழுதியிருந்தேன். இந்த முறை முழுவதையும் எழுதுகிறேன், ஏனென்றால் எனக்குப் பெரிய இழப்பு அந்த மஞ்சள் செடி இல்லை.

எங்கள் வீட்டுப் பின்பக்கம் துவைகல்லுக்கு அருகில் ஒரு சிவப்புச் செம்பருத்தி நிற்கிறது. ஒற்றை அடுக்கு, ஐந்து இதழ், நாட்டு ரகம். 2006ல் அம்மா தேவிபட்டினத்தில் சித்தி வீட்டிலிருந்து ஒடித்து வந்த குச்சி அது. ஈரச் சாக்கில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டு வந்தார். அரிசி கழுவின தண்ணீர், காய்கறித் தோல், ஆட்டுப் புழுக்கை, இவ்வளவுதான் அது சாப்பிட்டது. மதில் உயரத்துக்கு வளர்ந்து, காலையில் இருபது முப்பது பூ கொடுக்கும். இந்தப் பூவுக்கு ஒரு நாள்தான் ஆயுள். விடியும்போது விரிந்தது சாயங்காலம் சுருட்டின துணி மாதிரி சுருங்கிவிடும். அதனால் அம்மா ஆறு மணிக்கே பறித்துப் பிள்ளையாருக்கு வைத்துவிடுவார். வெள்ளிக்கிழமையில் பத்துப் பதினைந்து இலையை அம்மியில் வைத்து அரைப்பார். கொஞ்சம் தண்ணீர் தெளித்ததும் பச்சையாக, வழுவழு என்று விரலை விட்டு நழுவும். தாளி என்கிற அந்த விழுதில்தான் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தலைக்குக் குளியல். கடையில் ஷாம்பு வாங்குவது வெளியூர் போனால்தான்.

2020 டிசம்பரில் புரெவி புயல் வந்து எங்கள் கடற்கரைக்கு எதிரே மன்னார் வளைகுடாவில் நகராமல் நின்றபோது அடித்த மழையிலும் காற்றிலும் முருங்கை இரண்டாக முறிந்தது. செம்பருத்தி தலையைச் சாய்த்தது, பத்து நாளில் நிமிர்ந்துவிட்டது. அந்தச் செடியைத்தான் உங்கள் உரம் சாய்த்துவிட்டது.

எப்படி என்று வரிசையாகச் சொல்கிறேன். ஜனவரி 24ஆம் தேதி பெட்டி வந்தது. ஒட்டுச்செடியின் கணுவில் மாவுப்பூச்சி பஞ்சு மாதிரி ஒட்டியிருந்தது. ஒரு லிட்டர் தண்ணீரில் ஐந்து மில்லி வேப்பெண்ணெயும் இரண்டு சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து துடைத்து எடுத்தேன். அதை நான் புகாரில் சேர்க்கவில்லை, செடி என்றால் பூச்சி வரும். பாக்கெட்டில் எழுதியிருந்தபடியே சிமெண்டுத் தொட்டியில் இரண்டு பங்கு தென்னைநார், ஒரு பங்கு மண் போட்டு நட்டேன். பிப்ரவரியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மஞ்சள் பூ, நடுவில் ரத்தச் சிவப்பு. தெருவே வந்து பார்த்தது. அப்புறம் வந்த மொட்டெல்லாம் விரியாமலே காம்போடு உதிர்ந்தது.

மார்ச் 3ஆம் தேதி உங்கள் உதவி எண்ணுக்குப் பேசினேன். எடுத்த தம்பி மரியாதையாகத்தான் பேசினார். "காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றுங்கம்மா. வாரம் ஒரு தடவை லிட்டருக்கு ஒரு ஸ்பூன் உரம் கலந்து விடுங்க. வீட்டில் வேற செம்பருத்தி இருந்தா அதுக்கும் ஐந்து லிட்டர் விடுங்க, நல்லாப் பூக்கும்" என்றார். எந்த ஊர், என்ன தண்ணீர், எப்படி மண் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் சொல்லியிருக்க வேண்டியதுதானே என்று நீங்கள் நினைக்கலாம். பாக்கெட்டில் "எந்த மண்ணுக்கும், எந்த ஊருக்கும் ஏற்றது" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும்போது, சொல்ல வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

நாங்கள் இருப்பது ராத்திரி கடல் சத்தம் கேட்கிற தூரம். கிணற்றுத் தண்ணீர் உப்பு. குடிக்கக் காவிரித் தண்ணீர் வருகிற நாளில் பிடித்து வைத்துக்கொள்வோம், வராத நாளில் வண்டிக்காரரிடம் குடக்கணக்கில் விலைக்கு வாங்குவோம். செடிக்குக் கிணற்றுத் தண்ணீர்தான் ஊற்ற முடியும். தரையோ சுண்ணாம்பு கலந்த கடற்கரை மணல். வெயில் காலத்தில் சோளகக் காற்று தெற்கே இருந்து அடித்தால் ஜன்னல் கம்பியில் விரலை வைத்து நாக்கில் தொட்டால் உப்புக் கரிக்கும். இராமநாதபுரத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி மையம் என்று தனியாக ஒன்று இருக்கிறது. இந்தக் கரையில் உப்பு எவ்வளவு பெரிய விஷயம் என்பது அந்தப் பெயரிலேயே தெரியும். செடியும் உரமும் விற்கிறவர்கள் இதைத் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் எதிர்பார்ப்பது தவறா?

இவ்வளவு உப்பிலும் எங்கள் செடி எப்படி வாழ்ந்தது என்றால், ஐப்பசி கார்த்திகை மழையால்தான். மழை இறங்கும்போது மண்ணில் சேர்ந்த உப்பையும் கீழே கொண்டுபோய்விடும். தை பிறந்ததிலிருந்து வெயில் தண்ணீரை மேலே இழுக்க இழுக்க, உப்பு மேல்மண்ணில் தங்கும். செடி அந்த மாதங்களைப் பல்லைக் கடித்துக்கொண்டு கடத்தும். சரியாக அந்த நேரத்தில், மாசிக் கடைசியிலிருந்து ஆறு வாரம், வாரம் ஐந்து ஸ்பூன் உரத்தை அதன் தூரில் என் கையாலேயே ஊற்றினேன்.

முதலில் கொழுந்து இலை மஞ்சளாக வந்தது, நரம்பு மட்டும் பச்சை. எலும்பு தெரிகிற மாதிரி இருக்கும். அப்புறம் முற்றின இலையின் ஓரம் பழுப்பாகக் கருகியது. தீக்குச்சி காட்டின காகிதம் மாதிரி ஓரத்திலிருந்து உள்ளே ஏறியது. தொட்டியின் விளிம்பில் வெள்ளையாக ஒரு படலம் பூத்தது. மே மாதம் மஞ்சள் செடி வேரோடு காய்ந்தது. சிவப்புச் செம்பருத்தி அதே மாதம் மொத்த இலையையும் கொட்டியது. தினம் காலையில் பித்தளைத் தட்டோடு பின்பக்கம் போகிற அம்மா வெறும் தட்டோடு திரும்பி வந்தார். எனக்கு 48 வயது. அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

என் தங்கை மகன் இறால் பண்ணையில் வேலை பார்க்கிறான். தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பை அளக்க அவன் வைத்திருக்கிற டி.டி.எஸ். மீட்டரைக் கொண்டுவந்தான். காவிரித் தண்ணீர் லிட்டருக்கு 260 மில்லிகிராம் காட்டியது. எங்கள் கிணறு 1,380. குடிநீருக்கு 500 வரை நல்லது, வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை போகலாம் என்பது இந்தியத் தர அளவு. அதனால் கிணறு மோசம்தான், ஆனால் 2006லிருந்து செடி குடித்துப் பழகின தண்ணீர். மீதியிருந்த உங்கள் தென்னைநாரில் ஒரு பிடியைக் காவிரித் தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறப் போட்டோம். 260 இருந்தது 1,900 ஆனது. உங்கள் ஸ்பூனால் ஒரு ஸ்பூன் உரத்தை ஒரு லிட்டர் கிணற்றுத் தண்ணீரில் கலக்கினோம். 4,000க்கு மேல் போய்விட்டது. அளவுகளைப் படம் எடுத்து இணைத்திருக்கிறேன்.

தேங்காய் மட்டையில் இயற்கையாகவே உப்பு உண்டு. காயல் தண்ணீரில் ஊறப்போட்ட மட்டை என்றால் இன்னும் கூடுதல். அதனால்தான் தென்னைநார்க் கழிவை நல்ல தண்ணீரில் அலசி, உப்பை இறக்கின பிறகு செடிக்குப் போடுவார்கள். நீங்கள் அலசினீர்களா, அலசாததை விற்றீர்களா, வாங்குகிறவர் அலச வேண்டுமா, எதுவும் கட்டியின் மேல் இல்லை. உரப் பாக்கெட்டில் 13:40:13 என்று போட்டிருக்கிறீர்கள். நடுவில் இருக்கிற 40 மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ். செம்பருத்திக்கு மணிச்சத்து கொஞ்சம் போதும். மிஞ்சினால் வேர் இரும்புச்சத்தை எடுக்க முடியாமல் போகும். சுண்ணாம்பு மண்ணில் ஏற்கெனவே இரும்பு எட்டாது. கொழுந்து மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றதற்குக் காரணம் அதுதான். பாக்கெட்டில் செம்பருத்திப் படத்தைப் பெரிதாகப் போட்டுவிட்டு, செம்பருத்திக்கு ஒத்துக்கொள்ளாத அளவை உள்ளே வைத்திருக்கிறீர்கள். இதை நான் கோபத்தில் சொல்லவில்லை. உங்களிடம் வேளாண்மை படித்தவர்கள் இருப்பார்கள், அவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

ஏப்ரல் 9ஆம் தேதி முதல் புகார் அனுப்பினேன். கிடைத்தது என்று பதில் வரவே ஒன்பது நாள் ஆனது. மே 2ஆம் தேதி இரண்டாவது அனுப்பியதற்கு, "தண்ணீர் அதிகம் ஊற்றியிருப்பீர்கள்" என்று ஒரு வரியும், அடுத்த ஆர்டரில் 200 ரூபாய் கழித்துக்கொள்ள ஒரு கூப்பனும் வந்தன. இரண்டு வேளை ஊற்றச் சொன்னது உங்கள் உதவி எண். இணைய வணிகத்துக்கான 2020ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். முதல் புகார் அனுப்பி மூன்று மாதத்துக்கு மேல் ஆகிறது.

நான் கேட்பது இதுதான். 1,840 ரூபாயை வாங்கிய கணக்குக்கே திருப்பி அனுப்புங்கள். கூப்பன் வேண்டாம், மாற்றுச் செடியும் வேண்டாம். தென்னைநார்க் கட்டியில் உப்பின் அளவையும், அலசின பிறகே பயன்படுத்த வேண்டும் என்பதையும் தமிழில் அச்சிடுங்கள். "எந்த மண்ணுக்கும், எந்த ஊருக்கும் ஏற்றது" என்கிற வரியை எடுத்துவிடுங்கள். உதவி எண்ணில் பேசுகிறவர்களிடம், உரத்தைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் "உங்க தண்ணீர் உப்பா, நல்ல தண்ணீரா?" என்று கேட்கச் சொல்லுங்கள். எனக்கு இதுதான் முக்கியம். மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், பெரியபட்டினம், கீழக்கரை என்று இந்தக் கரை முழுக்க வாசலில் ஒரு செம்பருத்தி இல்லாத வீடு குறைவு. எங்களைப் போல இன்னொருவர் நல்லது என்று நினைத்து ஊற்றிவிடக் கூடாது.

15 நாளில் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசி, இராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். வாங்கினவர் வசிக்கிற மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம், இந்தத் தொகைக்குக் கட்டணமும் இல்லை என்று 2019ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் விதிகளும் சொல்கின்றன. அதுவரை போக எனக்கு விருப்பமில்லை.

செடியின் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். உரத்தை நிறுத்தி, ஜூன் மாதம் மூன்று நாள் விட்டு மூன்று முறை, குடம் குடமாகக் காவிரித் தண்ணீரை வாங்கித் தூரில் மெதுவாக ஊற்றி உப்பைக் கீழே இறக்கினோம். குடிக்க வாங்குகிற தண்ணீரைச் செடிக்கு ஊற்றுகிறோம் என்று வண்டிக்காரரிடம் நாங்கள் சொல்லவில்லை. காய்ந்த கிளையை எல்லாம் பச்சை தெரிகிற இடம் வரை அம்மாவே வெட்டினார். மக்கின சாணமும் வேப்பிலைச் சருகும் மூடாக்குப் போட்டோம். லிட்டருக்கு ஐந்து கிராம் அன்னபேதி என்கிற இரும்பு உப்பைக் கொஞ்சம் எலுமிச்சைச் சாறோடு கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு, மிச்சமிருந்த பச்சைத் தண்டில் தெளித்தோம். இப்போது துவைகல் பக்கத்தில் மட்டும் மூன்று துளிர் வந்திருக்கிறது. மறுபக்கக் கிளைகள் இன்னும் குச்சியாகத்தான் நிற்கின்றன.

பதிலைத் தயவுசெய்து தமிழிலேயே எழுதுங்கள். அம்மா படிக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
உச்சிப்புளி.

இணைப்பு: ரசீது, செடியின் படங்கள் ஏழு, மீட்டர் அளவுகளின் படங்கள், உங்கள் மின்னஞ்சல்களின் நகல்.